வ. உ. சிதம்பரம்பிள்ளை: கப்பற் கம்பனியும் அதன் கூட்டாளிகளும்

புதிய தாபனம் ஒன்றைத் தொடங்க விரும்புவோர் முதலிற் பணத்தைத் தேடுவர். பணம் கிடைத்தபின் இடத்தைத் தேடுவர். இடமும் கிடைத்த பின்னரே, தம்மோடு நின்று உழைக்கத்தக்கவர் யாவர் என்று எண்ணுவர். இவ்வரிசை தலைகீழானது என்பதை எமது சங்கங்களும் வாசிகசாலைகளும் கூட்டுறவுக் கடைகளும் தத்தம் அனுபவத்தாற் பலமுறை கண்டிருக்கின்றன. நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பெற்றவை எத்தனையோ இரண்டாம் ஆண்டிலேயே ஓய்ந்துபோயின. அவை பணமின்றி ஓய்ந்தன என்று சொல்வோம். உற்றுப் பார்த்தால், அவற்றுட் பல ஆளின்றி ஓய்ந்தவையே.

ஆளைத் தேர்வதில் வெற்றியுங் கண்டு, அத்தேர்வில் மறைந்திருந்த குறையினால் இடருங் கண்ட ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை இம்மலரிலே எழுதுவது பயன்தரும் என யாம் கருதினோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே, அந்நியர் ஆட்சிக்காலத்திலே, நம்மவர் பணத்தால் வாங்கிய கப்பல்களை ஓட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்களே அப்பெருமகனார். அவரைத் தியாகி என்றும் தேசபக்தர் என்றும் யாவரும் அறிவர். அவர் ஒரு கம்பனியைத் தோற்றுவித்தவர், அதற்கு ஆள் சேர்த்தவர், பங்கு விற்றவர், கணக்கும் பார்த்தவர். அவ்வுருவத்தை நம் இளைஞர் நன்கு அறியார். ஆதலின் அதனையே ஈண்டு விரித்துரைப்போம்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரம் என்னும் ஊரிலே, 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆம் நாள் சிதம்பரம்பிள்ளை பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை, தாயார் பரமாயி அம்மாள். தந்தையார் அவ்வட்டாரத்திலே பெயர்பெற்ற வக்கீல். சிதம்பரம்பிள்ளை வீரப்பெருமாள் அண்ணாவி என்பாரிடம் தமிழ் கற்றார். பின்னர் ஆங்கிலக் கல்வியை ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் பெற்றார். சிலகாலம் தாலுகாக் கச்சேரியில் எழுத்தராக வேலை பார்த்தார். அவ்வேலை அவருக்கு ஏற்கவில்லை. தந்தையார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் படிப்பித்தார். 1894இல் தேர்வில் வெற்றிபெற்று, அடுத்த ஆண்டு சொந்த ஊரிலேயே வக்கீலாக அமர்ந்தார்.

வக்கீல் தொழிலிலே அவர் காட்டிய இயல்பு பின்வந்த வாழ்க்கை முழுவதற்கும் அறிகுறியாய் அமைந்தது. ஏழைகளுக்காகக் கூலியின்றி வாதாடினார். பொலிசாரும் சிற்றதிகாரிகளும் தொடுத்த வழக்குகளை உடைத்தெறிந்தார். இதனால் அதிகாரிகளின் பகை வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தையார் அவரைத் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் நடத்தும்படி கூறினார். 1900ஆம் ஆண்டிலே அவர் அத்துறைமுகப் பட்டினத்திற் குடியேறினார். ஒட்டப்பிடாரத்திலே இருந்திருந்தால் அவர் கண்ணிற் படாத ஒன்று அங்கே நாள்தோறும் அவர் கண்முன் நின்றது. அதுதான் கடல்.

கடலும் வாணிகமும்

அக்காலத்திலே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மக்கள் போக்குவரவுக்குத் தலையாய வழி தூத்துக்குடி–கொழும்பு வழியே. தனுக்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதத் தொடர்போடு கப்பல் விடப்பட்டது 1914ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரும், செட்டித்தெருவுக்கு வந்த வணிகரும், அரிசியும் துணியும் கருவாடும் பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்தே கொழும்பை அடைந்தன. தூத்துக்குடிக் கரையோரத்திலே கடல் ஆழமற்றது. கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் மூடைகளையும் தோணிகளில் ஏற்றிச்சென்று கப்பலிற் சேர்ப்பர்.

இவ்வளவு போக்குவரவும் ஒரே கம்பனியின் கையில் இருந்தது. அது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனி. தூத்துக்குடியில் அதற்கு முகவராய் இருந்தவர்கள் ஹார்வி கம்பனியார். அவர்களே அங்குள்ள கோரல் நூற்பாலையையும் நடத்தியவர்கள். ஆகவே அவ்வூரின் கடலிலும் கரையிலும் ஒரே கொடி பறந்தது எனலாம். கட்டணத்தை அவர்கள் வைத்ததே கட்டணம். நம்மவரின் பண்டமும் நம்மவரின் உடலும் பிறர் கப்பலிலே சென்றன; கூலி கடல் கடந்து சென்றது.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிற்று. சுதேசித் துணி உடுப்பதே பலருக்குச் சுதேசியமாய்த் தோன்றியது. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியிலிருந்து நோக்கினார். அந்நியர் துணியைத் துறந்தாலும் அந்நியர் கப்பலைத் துறக்கமுடியாத நிலையைக் கண்டார். கப்பல் இல்லாத வணிகன் வண்டியில்லாத உழவனுக்கு ஒப்பானவன். இவ்வெண்ணமே அவரது பெருமுயற்சிக்கு வித்தாயிற்று. அதற்கு முன்னரே நெசவுச்சாலை, சுதேசிப் பண்டகசாலை போன்ற சிறு தாபனங்களை ஏற்படுத்திக் கூட்டுத் தொழிலின் பாடங்களை அவர் ஒருவாறு கற்றிருந்தார்.

வாடகைக் கப்பல் கற்பித்த பாடம்

முதலிற் சொந்தக் கப்பல் வாங்கும் எண்ணம் எழவில்லை. பம்பாயிலிருந்த ஷா லைன் என்னும் இந்தியக் கம்பனியிடம் கப்பல்களை வாடகைக்குப் பெற்று ஓட்டுவதே தொடக்கத் திட்டம். தூத்துக்குடி வணிகர் ஆதரித்தனர், கப்பலும் ஓடியது. ஆங்கிலக் கம்பனியார் வாளாவிருக்கவில்லை. ஷா லைன் கம்பனியை நெருக்கினர். அக்கம்பனியும் பணிந்து தன் கப்பல்களைத் திருப்பிக்கொண்டது. ஒரே நாளிலே தூத்துக்குடிச் சுதேசியர் கப்பலின்றி நின்றனர். சிதம்பரம்பிள்ளை மனந்தளராது கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பெற்று அவ்வேளைக்கு மானத்தைக் காத்தார். எனினும் பிறர் பொருளின்மேற் கட்டிய தொழில் பிறர் விருப்பின்மேற் கட்டிய தொழிலே என்பதை அவர் அன்று தெளிந்தார். சொந்தக் கப்பல் வேண்டும். அதற்குப் பெரும் மூலதனம் வேண்டும். மூலதனத்திற்கு மக்களின் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கைக்கு ஆட்கள் வேண்டும். இவ்வாறு அவரது சிந்தனை பின்னோக்கிச் சென்று மனிதரிலே வந்து நின்றது.

கூட்டாளிகளைத் தேர்ந்த விதம்

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பனி சட்டப்படி பதிவுசெய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். பங்கு வாங்கும் உரிமை ஆசியருக்கே. பங்கின் விலையைக் கூர்ந்து நோக்குக. ஆயிரம் ரூபாப் பங்காக வைத்திருந்தால் நூறு செல்வர் கூடிக் கம்பனியை நடத்தியிருப்பர். 25 ரூபாவாக வைத்தமையாற் சிறுகடைக்காரரும் சிற்றூர்ப் பள்ளியாசிரியரும் கப்பலுக்கு உடையவராதல் கூடுமாயிற்று. பயணஞ் செய்வோரும் சரக்கேற்றுவோருமே பங்காளராயும் இருப்பின், அவர்கள் தம் கப்பலை விட்டுப் பிறர் கப்பலில் ஏறார் என்பது அவர் கணக்கு.

இனி, அவர் சேர்த்துக்கொண்ட மனிதரைக் காண்போம். தலைவராகப் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை வேண்டி அமர்த்தினார். 1901இல் மதுரையிலே தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளல் அவர். அச்சங்கத்தோடு யாழ்ப்பாணத்துப் புலவர் பலரும் உறவு பூண்டிருந்தமையால் அவர் பெயர் ஈழத்துக்கும் புதிதன்று. அவர் கப்பற்றொழில் அறிந்தவர் அல்லர். ஆனால் அவர் பெயர் உள்ள பத்திரத்திலே பணம் போட எவரும் அஞ்சார். புதிய தாபனத்திற்கு முதலில் வேண்டுவது அத்தகைய பெயரே.

காரியதரிசியாக ஹாஜி முகமது பக்கீர் சேட் அமைந்தார். அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அஃதாவது இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான பங்குகளை, ஏற்றார். இது முழு மூலதனத்தில் ஐந்திலொன்று. அவர் இசுலாமியர், தேர்ந்த வணிகர். சுதேசிக் கப்பல் ஒரு சமயத்தாரின் கப்பலன்று என்பதைப் பேசி விளக்கவேண்டிய தேவை இதனால் இல்லாது போயிற்று. சட்ட ஆலோசகருள் ஒருவராகச் சேலம் விஜயராகவாச்சாரியார் துணைநின்றார். பிரசாரத்திற்குச் சென்னையிலே சுப்பிரமணிய பாரதியார் இருந்தார். பாரதியார் நடத்திய இந்தியா என்னும் வாரப்பத்திரிகை இக்கம்பனியின் செய்திகளை ஊரெங்கும் பரப்பிப் பங்கு வாங்கும்படி மக்களைத் தூண்டியது. பம்பாய்ப் பக்கத்திலே கைகொடுக்கத் திலகர் பெருமான் இருந்தார்.

சிதம்பரம்பிள்ளை தமக்கு வைத்துக்கொண்ட பதவி யாது? உபகாரியதரிசிப் பதவியே. தலைமையையும் காரியதரிசிப் பதவியையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். தம்மிடம் இல்லாதவற்றை எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரைச் சேர்த்தார். பெயர் இல்லை, தேவரைச் சேர்த்தார். பணம் இல்லை, சேட்டைச் சேர்த்தார். பத்திரிகை இல்லை, பாரதியாரைச் சேர்த்தார். தம்மைப்போன்ற பத்து வக்கீல்களைச் சேர்த்திருந்தால் ஒரு வாதசபை தோன்றியிருக்கும், கப்பல் தோன்றியிராது. நமது சங்கங்களில் நண்பர் நண்பரைச் சேர்ப்பதும், உறவினர் உறவினரைச் சேர்ப்பதும், ஒரே திறமை உடையோர் ஒரே மேசையைச் சுற்றி இருப்பதும் வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறானது சிதம்பரம்பிள்ளையின் முறை.

கப்பல்கள் வந்த கதை

பங்குப் பணம் ஓரளவு சேர்ந்ததும் கப்பல் வாங்கும் பொருட்டுச் சிதம்பரம்பிள்ளை பம்பாய்க்குப் புறப்பட்டார். அவ்வேளையில் அவருடைய மைந்தன் உலகநாதன் நோயுற்றிருந்தான்; மனைவியார் மீனாட்சியம்மாள் கருவுற்றிருந்தார். பயணத்தைத் தள்ளிவைக்கும்படி சுற்றத்தார் வேண்டினர். கப்பலின்றித் திரும்புவதில்லை என்னும் உறுதியோடு அவர் சென்றார். இச்செய்தியைப் பலர் வீரமாகவே எழுதுவர். யாம் அதனோடு ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்க விரும்புகின்றோம். அவ்வளவு பெரிய கம்பனியிலே பம்பாய்க்குச் சென்று விலைபேசத் தக்க வேறொருவர் இருந்திருந்தால் அத்தந்தை அன்று வீட்டிலே இருந்திருக்கலாமன்றோ? இவ்வினாவை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

1907ஆம் ஆண்டு மே மாதத்திலே காலியா என்னும் கப்பல் தூத்துக்குடியை அடைந்தது. லாவோ என்னும் மற்றைய கப்பலும் வந்துசேர்ந்தது. ஒவ்வொன்றும் மேல் வகுப்பினரோடு 1,300 சாதாரணப் பிரயாணிகளையும் 4,000 மூடைச் சரக்கையும் ஏற்றவல்லது. தமிழ்நாடு அக்கப்பல்களைத் திருவிழாக் கண்டாற்போலக் கண்டு களித்தது. கம்பனியின் நோக்கம் கப்பல் ஓட்டுவதோடு அமையவில்லை. நம்மவருக்குக் கப்பலோட்டும் கலையைப் பயிற்றுதல், கப்பல் கட்டுந் துறையை ஏற்படுத்துதல் என்பனவும் அதன் நோக்கங்களிற் சேர்ந்திருந்தன. அந்நோக்கங்களைக் காண அக்கம்பனிக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

போட்டியும் நெருக்கடியும்

மக்கள் சுதேசிக் கப்பலிலே ஏறத்தொடங்கினர். ஆங்கிலக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. ஆளொன்றுக்கு ஒரு ரூபாவாக அவர்கள் இறக்கியபோது சுதேசிக் கம்பனி எட்டணாவாக இறக்கிற்று. அதன்மேல் ஆங்கிலக் கம்பனி கட்டணமின்றியே ஏற்றிச்சென்று ஆளுக்கொரு குடையும் கொடுக்க முன்வந்தது என்று அவ்வரலாற்றை எழுதினோர் கூறுவர். பல கடல்களிலே பல கப்பல்களை ஓட்டும் தாபனம் ஒரு கடலில் நட்டத்தைத் தாங்கும். ஒரே கடலில் இரண்டு கப்பலை ஓட்டும் தாபனம் அதை எத்தனை மாதம் தாங்கும்? அரசாங்க அதிகாரிகளும் தம் பங்குக்கு இடையூறு செய்தனர். சுங்கத்திலும் வைத்திய பரிசோதனையிலும் தாமதங்கள் ஏற்படுத்தப்பட்டன.

இதே காலத்திலே சிதம்பரம்பிள்ளை அரசியலில் மேன்மேலும் ஆழ்ந்தார். 1907 டிசெம்பரில் நடந்த சூரத்துக் காங்கிரசுக்குச் சென்று திலகர் பக்கம் நின்றார். சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து அவரோடு சேர்ந்தார். கடற்கரைக் கூட்டங்கள் பெருகின. கம்பனியின் நிருவாகிகளுட் சிலர் கலங்கினர். பணம் போட்டவர் எல்லாரும் சிறைக்குப் போக ஆயத்தமானவர் அல்லர். அரசியலை விட்டுக் கம்பனியைக் கவனிக்குமாறு அவர்கள் வற்புறுத்தினர். அவருக்கோ அரசியலும் கப்பலும் வெவ்வேறு பொருளாய்த் தோன்றவில்லை. ஆட்சி பிறர் கையில் இருக்குங்காறும் கடலும் பிறர் கையிலேயே இருக்கும் என்பது அவர் துணிபு. இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் இப்பேச்சு கப்பல் வாங்குவதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்திருத்தல் வேண்டும். கப்பல் நடுக்கடலில் நிற்கும்போது, எத்துறைக்குச் செல்வது என்று மாலுமிகள் வாதிடுவது போன்றதாயிற்று அது.

1908 பெப்ருவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். மார்ச்சு முதல் வாரத்திலே ஆலையார் இணங்கினர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் தொழிலாளருக்குக் கிடைத்தன. வெற்றி பெரிது. ஆயின் எதிர்த்தரப்பு கடலில் எதிர்த்த அதே தரப்பே. ஒரே பகைவரோடு ஒரே காலத்தில் இருகளத்திற் பொருதவேண்டி வந்தது.

சிறைவாசமும் கம்பனியின் முடிவும்

விபின் சந்திரபாலரின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்களை ஒட்டி, 1908 மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைதுசெய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். வழக்கை விசாரித்த பின்ஹே என்னும் நீதிபதி 1908 யூலை 7ஆம் நாள் தீர்ப்புக் கூறினார். சிதம்பரம்பிள்ளைக்கு இரண்டு ஆயுட்காலத் தண்டனைகள், அஃதாவது நாற்பது ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அச்செய்தி கேட்டு அவருடைய தம்பியார் மீனாட்சிசுந்தரம் சித்தங்கலங்கினார், அவர் தெளியவேயில்லை. மேன்முறையீட்டிலே தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் காலங் கழித்தார். கோயம்புத்தூரிலே சணல் இயந்திரத்தைச் சுற்றிக் கைத்தோல் உரிந்தது. மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார்.

அவர் செக்கிழுத்த நாட்களில் தூத்துக்குடியிலே கம்பனி என்னவாயிற்று? தலைவர் இருந்தார், காரியதரிசி இருந்தார், நிருவாகிகள் இருந்தனர், கப்பல்களும் இருந்தன. ஓர் உபகாரியதரிசி மாத்திரம் இல்லை. அவ்வொருவர் இல்லாமையால் எல்லாம் தளர்ந்தன. வருவாய் விழுந்தது, கடன் ஏறிற்று, பங்காளர் ஊக்கம் இழந்தனர். 1911ஆம் ஆண்டிலே கம்பனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் எவரை எதிர்த்து ஓடிற்றோ அந்த ஆங்கிலக் கம்பனிக்கே விற்கப்பட்டது. சிறையிலிருந்தவருக்குச் செக்கினும் கொடியதாய் இருந்திருக்கும் இச்செய்தி.

1912 டிசெம்பர் 24ஆம் நாள் அவர் விடுதலையானார். முன்பு அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டம் அன்று சிறைவாயிலில் இல்லை. வக்கீல் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிலே சிறுவியாபாரஞ் செய்து வறுமையோடு போராடினார். பின்னாளிலே வாலிஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மைந்தருள் ஒருவனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை வெறுத்தவர் ஆங்கிலேயரை வெறுத்தவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

எஞ்சிய காலத்தைத் தமிழுக்கும் சமயத்துக்கும் அளித்தார். மெய்யறம், மெய்யறிவு என்னும் நூல்களை இயற்றினார். ஜேம்ஸ் அலன் என்பாரின் நூல்களைத் தமிழாக்கினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையையும் திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையையும் பதிப்பிக்க உழைத்தார். சிவஞானபோதத்திற்கு எளிய உரை கண்டு 1935இல் வெளியிட்டார். 1936ஆம் ஆண்டு நவெம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியிலே, காங்கிரசுக் காரியாலயத்தில், அவர் ஆவி பிரிந்தது. 1961இல் அவர் வாழ்க்கை கப்பலோட்டிய தமிழன் என்னும் திரைப்படமாயிற்று. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நாம் கற்கத்தக்கவை

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சிதம்பரம்பிள்ளை ஆளைத் தேர்வதில் தவறினாரா? யாம் அவ்வாறு கூறமாட்டோம். வக்கீல் ஒருவர், கப்பலைக் கரையிலிருந்து மாத்திரமே கண்டவர், ஓராண்டுக்குள்ளே பல இலட்சம் ரூபா திரட்டி இரண்டு கப்பல்களைக் கடலில் ஓடவிட்டார் என்றால் அது தக்கவரைச் சேர்த்த திறமையினாலேயே முடிந்தது. ஓர் ஆட்சியே எதிர்த்து நின்றபோது எத்தகைய குழுவும் நெடுநாள் தாங்கியிராது என்று கூறுவோர் உளர். அதுவும் உண்மையே. எனினும் முழு உண்மையன்று.

அவர் சேர்த்தவர்கள் தொடக்கத்திற்கு ஏற்றவர்கள். பெயர் தந்தனர், பணம் தந்தனர், ஆலோசனை தந்தனர். அன்றாடம் கம்பனியைத் தாங்கும் தோள் மாத்திரம் ஒன்றே ஒன்றாய் இருந்தது. பங்கு விற்றதும் அவர், கப்பல் வாங்கியதும் அவர், கட்டணம் வகுத்ததும் அவர், வணிகரைத் திரட்டியதும் அவர். ஊர்கூடித் தேரிழுத்தாற்போலத் தோன்றினும் வடம் ஒருவர் கையிலேயே இருந்தது. தமக்கு அடுத்தபடியாக ஒருவரை அவர் பழக்கி வைத்திருந்தால், சிறைக்கதவு அவர்மேற் பூட்டியபோது அக்கதவு கம்பனியின்மேலும் பூட்டியிராது. அடக்குமுறையாளர் அதனை நன்கு அறிந்திருந்தனர். கப்பலைத் தாக்குவதினும் ஒரு மனிதரை அடைத்தல் எளிதென்று கண்டனர்.

இரண்டாவது, அவர் கூட்டாளிகள் யாவரும் ஒரே பகையை உடையவர். ஒரே முடிவை உடையவர் அல்லர். சிலர் அந்நியர் கட்டணத்தை வெறுத்தனர். சிலர் அந்நியர் ஆட்சியை வெறுத்தனர். கப்பல் வரும்வரைக்கும் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றின. கப்பல் வந்தபின் வேறுபட்டன. யாரை எதிர்க்கின்றோம் என்பதை மாத்திரம் பேசிக்கொண்டு சேர்ந்தவர்கள், எவ்வளவு தூரம் எதிர்ப்போம், எவ்வளவு இழப்போம் என்பதைப் பேசாதுவிட்டால் நடுவழியிலே பிரிவர். இது கப்பற் கம்பனிக்கு மாத்திரமன்று. நாம் தொடங்கும் எதற்கும் பொருந்தும்.

மூன்றாவது, நட்டகாலத்திற்கென ஒதுக்கிய பணம் இல்லை. வருமென்று நம்பிய வருவாயைக் கொண்டே வரவுசெலவு வகுக்கப்பட்டது. எதிரி விலையைக் குறைப்பான் என்று எண்ணித் துணிவோடு எழுந்து எச்சரித்து, உற்சாகத்திற்குத் தடைபோடும் ஒருவர் அக்குழுவில் அமர்ந்திருத்தல் வேண்டும். அத்தகையவரை நாம் வழக்கமாக அவநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிடுகின்றோம். உண்மையில் அவரே குழுவுக்கு நங்கூரம் போன்றவர்.

இவற்றைக் குறைகூறும் நோக்கத்தால் யாம் எழுதவில்லை. சிதம்பரம்பிள்ளை தாம் இழந்தவற்றைக் கணக்கிடாது உழைத்தவர். அவர் கொடுத்த விலை எமக்குப் பாடமாய் அமையாவிடின் அது வீணாய்ப் போகுமன்றோ? அவர் சிலைக்கு மாலை சூட்டுவதினும் அவர் விட்ட இடத்திலிருந்து ஓரடி முன்வைப்பதே அவருக்குச் செய்யத்தக்க அஞ்சலி.

இளைஞர்களே! உங்களுட் சிலர் நாளை ஓர் அச்சகத்தையோ, ஒரு பண்ணையையோ, கணினி சார்ந்த ஒரு புதிய தொழிலையோ தொடங்க எண்ணியிருக்கலாம். தொடங்குங்கள். தொடங்குமுன் உங்கள் கூட்டாளிகளை ஓரிடத்தில் இருத்தி இவற்றைக் கேளுங்கள். நம்மிடம் இல்லாத திறமை எது, அதனை உடையவர் யார்? நம்முள் மாறுபட்டுப் பேசும் துணிவுடையவர் யார்? ஆதாயம் வரும்போது எவ்வாறு பகிர்வோம் என்பதோடு, இடர் வரும்போது எதுவரை நிற்போம்? எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தொழிலை முன்னின்று நடத்துபவர் நாளைக் காலை வராதுவிட்டால் கதவைத் திறப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தபின் பணத்தைத் தேடப் புறப்படுங்கள்.

2023ஆம் ஆண்டிலே நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தபோது அதனைக் காணச் சென்றோர் உங்களுள்ளும் இருக்கலாம். இரு நாடுகளையும் இணைக்கும் கடலிலே நூறாண்டுகளுக்கு மேலாக முன்னர் ஒரு வக்கீல் இரண்டு கப்பல்களை ஓட்டினார். அவை அமிழ்ந்துபோனவை அல்ல, கைம்மாறிப் போனவை. அவற்றை நிறுத்தியது புயலுமன்று, பாறையுமன்று. வடத்தைப் பற்ற இன்னொரு கை இல்லாமையே. அந்தக் கை நாமாக இருப்போமாக.